அழைப்பும் இசைவும்: யோசப் வாஸ் அடிகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு பயில்வோனுக்கு இடர்ப்பாடு தரும் சொற்றொடர்களுள் 'தேவ அழைத்தல்' என்பதும் ஒன்றாகும். படையெடுப்பு, வரி, வாணிபம், உடன்படிக்கை என்பவற்றைச் சான்று காட்டி எழுதலாம். ஆனால் ஒருவன் தன்னை இறைவன் அழைத்தான் என்றும், தான் அதற்கு இசைந்தான் என்றும் கூறுமிடத்து, அவ்வழைப்பைக் கேட்ட செவி அவனுடையது மட்டுமே. எந்தச் சுவடிக்கூடத்திலும் அதற்குப் பதிவில்லை. ஆயினும் இசைந்த பின்னர் அவன் செய்தவற்றுக்குப் பதிவுண்டு. எந்தத் துறைமுகத்திற் கப்பலேறினான், எந்த ஊரில் ஒளிந்திருந்தான், எந்த அரசன் அவனைச் சிறையிட்டான், எந்தப் பதவியை வேண்டாமென்றான் என்பனவெல்லாம் கடிதங்களிலும் அறிக்கைகளிலும் கிடக்கின்றன. இவ்விரண்டாம் வகைச் சான்றுகளைப் பற்றிக்கொண்டு முதலாவதை எவ்வளவு தூரம் அணுகலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு நான் எடுத்துக்கொண்டவர் கண்டி மாநகரில் வாழ்ந்து அங்கேயே மறைந்த யோசப் வாஸ் அடிகள் (1651 - 1711).

கிறித்தவ வேதாகமத்தில் அழைப்பு வருமிடங்களை நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். அழைக்கப்பட்டோர் யாவரும் உடனே இசைந்தாரல்லர். மோசே தான் வாக்குவன்மை அற்றவன் எனச் சாட்டுக் கூறினான். யோனா நினிவேக்குப் போகாமல் எதிர்த்திசை செல்லும் கப்பலிலேறினான். செல்வனாகிய இளைஞன் ஒருவன் துயரத்தோடு திரும்பிச் சென்றான். சிறுவன் சாமுவேலோ குரலை இனங்காணாது மும்முறை தன் குருவிடம் ஓடினான். இவ்வளவும் எழுதப்பட்ட நூலில், நாசரேத்தூர்க் கன்னி 'ஆகட்டும்' என்று கூறிய விடை தனிச் சிறப்புப் பெறுகின்றது. மறுத்தல் கூடும் என்ற நிலையிற்றான் இசைதலுக்குப் பொருளுண்டு. கிறித்தவச் சிந்தனையில் அழைப்பு என்பது விதியன்று, கேட்கப்படும் வினா.

யோசப் வாஸ் 1651ஆம் ஆண்டு சித்திரை 21ஆம் நாள், கோவாவைச் சேர்ந்த பெனோலிம் என்னும் ஊரிற் பிறந்தார். குடும்பம் கொங்கணிப் பிராமணக் கத்தோலிக்கக் குடும்பம். இலத்தீனும் போர்த்துக்கேயமும் கற்று, இறையியல் பயின்று, 1676இற் குருவானார். அக்காலக் கோவாவிற் கல்வியால் உயர்ந்த உள்நாட்டுக் குருவொருவருக்கும் ஓர் எல்லை வகுக்கப்பட்டிருந்தது. ஐரோப்பியத் துறவற சபைகள் பெரும்பாலும் இந்நாட்டவரைத் தம்முட் சேர்ப்பதில்லை. அவர்கள் துணைக்குருக்களாகப் பங்குகளிற் பணியாற்றலாம். அதற்கு மேல் வழியில்லை. அழைப்பு இறைவனிடமிருந்து வருவதாயினும் வாசலிற் காவல் நின்றவர் மனிதரே என்பதை மறத்தலாகாது.

1677 ஆவணி 5ஆம் நாள் அவர் ஓர் ஆவணம் எழுதினார். அதிலே தம்மைத் தேவதாயாருக்கு நிரந்தர அடிமையாக ஒப்புக்கொடுத்துக் கையொப்பமிட்டார். இருபத்தாறு வயதினர் ஒருவர், அடிமை வாணிபம் கண்முன்னே நடந்துகொண்டிருந்த ஒரு துறைமுக நாட்டில், அவ்வாணிபத்தின் மொழியையே எடுத்துத் தம்மைத் தாமே விற்றுக்கொண்ட செய்தி இது. தமிழ் இலக்கியம் பயில்வோர்க்கு உடனே நினைவில் எழுவது சுந்தரர் கதையாகும். பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்திலும் ஓர் அடிமையோலை வருகின்றது. ஆனால் அங்கே ஓலை முன்னோரால் எழுதப்பட்டது. மணப்பந்தலில் வழக்கிட்டு வந்த முதியவர் அதைக் காட்டுகின்றார். சுந்தரர் அவரைப் பித்தன் என இகழ்கின்றார். ஓலையைப் பறித்துக் கிழிக்கின்றார். திருவெண்ணெய்நல்லூர் அவையிலே வழக்குத் தோற்ற பின்னரே ஆட்படுகின்றார். வாஸ் அடிகளின் வரலாற்றிலோ ஓலையை எழுதியவரும் அடிமைப்பட்டவரும் ஒருவரே. ஒன்று தடுத்து ஆட்கொள்ளப்பட்ட கதை. மற்றது தானே சென்று ஆட்பட்ட கதை. இரண்டிலும் 'அடிமை' என்ற சொல் இழிவைக் குறிக்காது விடுதலையைக் குறிப்பதாக மாறுகின்றது. பக்தி மரபுகளுக்கிடையே கொள்வினை கொடுப்பினை இருந்ததெனச் சொல்ல வரவில்லை. வாஸ் அடிகள் பெரியபுராணம் அறிந்தவரென்பதற்குச் சான்றேதும் இல்லை. மனித உள்ளம் இசைவைச் சொல்லத் தேடும் சொற்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதையே சுட்டுகின்றேன்.

இனி இலங்கையின் நிலையைக் காண்போம். 1656இற் கொழும்பும் 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. கத்தோலிக்கக் குருமார் நாடுகடத்தப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்போர் மரண தண்டனைக்குரியர் என 1658இலேயே அறிக்கை விடுக்கப்பட்டது. கோயில்கள் புரட்டஸ்தாந்து ஆலயங்களாகவும் பள்ளிகளாகவும் மாற்றப்பட்டன. ஒல்லாந்தரின் ஆட்சிமுறை வாளை விட ஏட்டினால் வலிமை பெற்றது. பள்ளித்தோம்பிலே பெயர் பதியப்பட வேண்டும். ஞானஸ்நானமும் விவாகமும் அரசாங்கச் சபையின் வழியாகவே நடைபெற வேண்டும். அல்லாவிடின் விவாகம் செல்லாது, முதுசம் பிள்ளைகளைச் சேராது. ஆகவே சைவரும் கத்தோலிக்கரும் ஒருசேர ஞாயிறன்று ஒல்லாந்தரின் பள்ளிக்குச் சென்று பெயர் கொடுத்தனர். வீட்டுக்கு வந்து தத்தம் வழிபாட்டைத் தொடர்ந்தனர்.

இவ்விடத்தில் ஒரு வினா எழுகின்றது. பகலில் ஒருவருக்கு 'ஆம்' என்றும் இரவில் வேறொருவருக்கு 'ஆம்' என்றும் சொல்லியோரின் இசைவை எப்படி மதிப்பிடுவது? பிற்கால எழுத்தாளர் சிலர் இதனைக் கோழைத்தனமென்றும் போலித்தனமென்றும் எளிதாகத் தீர்த்துவிட்டனர். எனக்கு அத்தீர்ப்பில் உடன்பாடில்லை. ஒரு குருவும் இன்றி, பூசையும் பாவசங்கீர்த்தனமும் இன்றி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் - அஃதாவது ஒரு தலைமுறை முழுவதும் - சில்லாலை போன்ற ஊர்களில் இம்மக்கள் செபங்களை மறவாது பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். மாந்தையிலிருந்த மாதாவின் திருவுருவத்தைச் சில குடும்பங்கள் வன்னிக் காட்டினுள் கொண்டுசென்று மருதமடுவிற் காத்தன என்ற மரபும் இக்காலத்தையே சேர்ந்தது. தோம்பிற் பெயர் எழுதுவித்த கையே இரவில் செபமாலையையும் உருட்டிற்று. அழைப்பவரே நாட்டில் இல்லாத காலத்து இசைவு அது.

இந்நிலையைக் கோவாவிலே கேள்வியுற்ற வாஸ் அடிகள் இலங்கைக்குச் செல்ல விரும்பினார். ஆனால் மேலிடம் அவரை 1681இற் கன்னட நாட்டுக்கு அனுப்பியது. அங்கே போர்த்துக்கல் மன்னனுக்குரிய ஞானாதரவு உரிமையைப் பற்றி நின்றவர்களும் உரோமாபுரியினால் நேரே நியமிக்கப்பட்ட மேற்றிராணியாரைச் சார்ந்தவர்களும் ஒருவரையொருவர் ஏற்க மறுத்துப் பிணங்கிக் கிடந்தனர். மூன்றாண்டுகள் அவர் அப்பிணக்கினிடையே, தாம் கேட்காத ஒரு பணியைச் செய்துகொண்டிருந்தார். சரித நூல்கள் இப்பகுதியை விரைந்து கடந்து இலங்கைக்கு வந்துவிடுகின்றன. என் கருத்திலோ அவரது வாழ்வின் திறவுகோல்களில் ஒன்று இங்கேயே உள்ளது. தம் உள்ளத்தில் ஒலித்த குரல் தெற்கே போ என்றது. சபையின் குரல் வடக்கே நில் என்றது. அவர் நின்றார். உள்ளத்துக் குரலைக் கைவிடவுமில்லை. பின்வந்தவற்றை நோக்கும்போது அக்காத்திருப்பும் இசைவின் பகுதியே எனத் தோன்றுகின்றது.

1685இற் கோவாவிலே உள்நாட்டுக் குருமார் சிலர் கூடி வாழ்ந்த சிறு சங்கத்தில் வாஸ் அடிகள் சேர்ந்து, அதன் தலைவருமானார். புனித பிலிப்பு நேரியாரின் ஒறற்றோரியன் ஒழுங்கை அவர்கள் மேற்கொண்டனர். ஐரோப்பிய சபைகள் அடைத்த கதவுக்கு இந்நாட்டுக் குருமார் தாமே கட்டிக்கொண்ட மாற்று வாயில் எனலாம். ஆனால் அவ்வாயிலும் பிராமணக் குருமாருக்கு மட்டுமே திறந்திருந்தது என்பதைக் குறிப்பிடாமல் விடுவது நேர்மையாகாது. நிறத்தின் பேரால் விலக்கப்பட்டோர் சாதியின் பேரால் விலக்கினர். இந்தியத் துணைக்கண்டத்துத் திருச்சபை வரலாற்றில் இம்முரண்பாடு மீண்டும் மீண்டும் தலைகாட்டுவது. யாழ்ப்பாணத்துக் கிறித்தவமும் இதற்கு விலக்கன்று.

அடுத்த ஆண்டே, தலைமைப் பதவியை விட்டு, யோவான் என்னும் ஏவலாளன் ஒருவனைத் துணையாகக் கொண்டு அவர் புறப்பட்டார். குருவின் உடை களைந்து கூலியாளின் உடை பூண்டார். கரையோரமாகத் தெற்கு நோக்கிச் சென்று, தூத்துக்குடியிற் கப்பலேறி, 1687இல் மன்னார் வழியாக யாழ்ப்பாணம் சேர்ந்தார். வழியிற் புயல். யாழ்ப்பாணத்தில் வயிற்றுளைவு. நோயிற் கிடந்த அந்நியனை ஊரார் அஞ்சி விலக்க, ஒரு பெண் கஞ்சி வார்த்துக் காத்தாள் என்று சரிதம் கூறும்.

எழுந்து நடக்கத் தொடங்கியதும் அவர் செய்த காரியம் நுட்பமானது. கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு பிச்சைக்காரனைப் போல வீடு வீடாகச் சென்றார். வாயாற் கேட்பது பிச்சை. கண்ணாற் கேட்பது வேறு. செபமாலையைக் கண்டு முகம் மாறியவர் யார், சற்றே நின்று நோக்கியவர் யார் என்று அவர் கவனித்தார். கத்தோலிக்கர் அவரைச் சோதித்துத் தேர்ந்த பின்னர் தம்மை வெளிப்படுத்திக்கொண்டனர். இங்கே அழைத்தவர் யார், அழைக்கப்பட்டவர் யார்? மரண தண்டனை அறிக்கை நடைமுறையில் இருந்த நாட்டில், அறிமுகமற்ற ஒருவனுக்குக் கதவு திறந்தவன் எடுத்த முடிவு, கோவாவிலிருந்து புறப்பட்டவர் எடுத்த முடிவுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. அடிகளுக்குப் போக வேறிடம் இருந்தது. சில்லாலைக் குடியானவனுக்கு அவ்வூரே உலகம், அவன் நிலமும் பிள்ளைகளும் அங்கேயே.

சில்லாலை அவருக்கு உறைவிடமாயிற்று. இரவிற் பூசை, விடியுமுன் வேறு வீடு என்று காலங் கழிந்தது. செய்தி ஒல்லாந்தரின் காதுக்கு எட்டியபோது கத்தோலிக்கர் பலர் பிடிக்கப்பட்டனர், அடியும் சிறையும் தண்டமும் அனுபவித்தனர், உயிரிழந்தோருமுண்டு. அடிகளோ தப்பினார். குரு தப்ப, மந்தை அடிபட்டது என்ற இவ்வுண்மையைச் சரிதகாரர் இறைவனின் காவலாக எழுதுகின்றனர். அடிகளின் உள்ளம் அதை அவ்வளவு எளிதாக ஏற்றிருக்குமா என்று நான் ஐயுறுகின்றேன். தாம் இருப்பதே மக்களுக்கு ஆபத்தாகும் நிலையில் 1690 அளவில் அவர் கண்டி இராச்சியத்துக்குட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார்.

1692இற் கண்டியை அடைந்தபோது காத்திருந்தது சிறை. இலனெரொல் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒருவர், 1672இற் பிரெஞ்சுக் கடற்படையின் தூதராக வந்து கண்டியில் தடுத்துவைக்கப்பட்டுப் பின் அங்கேயே தங்கியவர், இவரைப் போர்த்துக்கேய ஒற்றன் என அரசனிடம் கோள் மூட்டினார். அவர் பிரான்சின் சிறுபான்மைப் புரட்டஸ்தாந்து மரபினர். அவருடைய சமயத்தவர் பிரான்சிலே 1685இன் பின் கத்தோலிக்க அரசனால் ஒடுக்கப்பட்டுக்கொண்டிருந்தனர். அங்கே ஒடுக்கப்பட்டோரின் இனத்தவன் இங்கே ஒடுக்கப்பட்டோரின் குருவைக் காட்டிக்கொடுத்தான்.

அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் (1687 - 1707) கோளை முழுதும் நம்பவுமில்லை, தள்ளவுமில்லை. அடிகள் காவலில் வைக்கப்பட்டார். அக்காவலிலே அவர் சிங்களம் கற்றார். ஒரு குடிலைப் பூசைக்குரிய இடமாக்கினார். அவ்வாண்டு நத்தாருக்குப் பூசையும் செய்தார். ஒற்றனென்று சிறையிடப்பட்டவன் தப்பியோட வழி தேடாமல் இலக்கணம் படித்துக்கொண்டிருந்தது காவலருக்கு வியப்பளித்திருக்க வேண்டும். பின்னர் ஒரு கொடிய வரட்சியின்போது அரசன் கேட்டுக்கொண்டபடி வெளியிலே பீடம் அமைத்து அவர் மன்றாட மழை பொழிந்ததென்றும், அதனால் விடுதலை கிடைத்ததென்றும் மரபு வழங்குகின்றது. மழை பொழிந்த காரணத்தை ஆராய்வது என் பணியன்று. விடுதலை கிடைத்தது என்பது மட்டும் உறுதி.

இவ்வரசனைப் பற்றி ஒரு சொல் கூறவேண்டும். அரக்கன் தேசத்திலிருந்து பிக்குகளை வருவித்து உபசம்பதாவை மீண்டும் நிலைநாட்டியவன் இவனே. தலதா மாளிகையை மூன்று மாடங்களோடு எடுப்பித்தவனும் இவனே. தன் சமயத்தில் ஆழ்ந்த பற்றுடைய அவ்வரசன் பிற சமயக் குரு ஒருவரைத் தன் தலைநகரில் வாழவிட்டான். ஒல்லாந்தருக்கு எதிராகக் கத்தோலிக்கக் குடிகளின் நன்மதிப்பைப் பேணும் அரசியற் கணக்கும் அதில் இருந்திருக்கலாம். அவன் தந்தை இரண்டாம் இராசசிங்கன் காலத்திலும் ஒல்லாந்தரால் துரத்தப்பட்டோர் கண்டி நாட்டிற் புகலடைந்தனர். கணக்கு எதுவாயினும், மத சுதந்திரம் என்ற தொடர் பிறக்குமுன் அதன் நடைமுறையைக் கண்டியிற் காண்கின்றோம்.

1697 அளவிற் கண்டியில் வைசூரி பரவியது. அரசன் நகர் நீங்கினான். உற்றாரும் நோயாளரைக் காட்டிலும் தெருவிலும் விட்டகன்றனர். வைசூரி கண்ட வீட்டை விட்டு விலகுதல் அக்காலத்து மரபாகவும் அறிவாகவும் இருந்தது, அகன்றோரைக் குறைகூறுவதற்கில்லை. வாஸ் அடிகளும், கோவாவிலிருந்து அண்மையில் வந்திருந்த அவருடைய உறவினராகிய கர்வால்யோ அடிகளும் அகலவில்லை. குடில்கள் அமைத்து நோயாளரைக் கிடத்தினர், கஞ்சி கொடுத்தனர், புண் கழுவினர், இறந்தோரைப் புதைத்தனர். நோயாளர் எச்சமயத்தவர் என்று கேட்கப்படவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் வார்த்த கஞ்சி கண்டியில் இவ்வாறு திரும்பி வந்ததென எழுத என் பேனை உந்துகின்றது. ஆயின் அது வரலாறாகாது, என் ஆசையே.

இனி அவரது மறுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாப்பரசரின் தூதராக 1703இற் புதுச்சேரிக்கு வந்திருந்த துர்னோன் என்பவர் இலங்கைப் பணியைக் கேள்வியுற்று, வாஸ் அடிகளை இந்நாட்டின் மேற்றிராணியாராக உயர்த்த விரும்பினார். அடிகள் மறுத்தார். தாழ்மையென்று கூறி அமைவது வழக்கம். தாழ்மை இருந்ததில் ஐயமில்லை. ஆயினும் கன்னட நாட்டில் மூன்றாண்டு கண்ட அதிகாரப் பிணக்கை அவர் மறந்திருப்பாரா? இங்கே ஒரு மேற்றிராணியாராக அவர் அமர்ந்தால், போர்த்துக்கல் மன்னனின் உரிமையா, உரோமையின் உரிமையா என்ற வழக்கு மன்னார்க் கரையிலும் வந்திறங்கியிருக்கும். சபையின் கட்டளைக்குக் கன்னடத்தில் 'ஆம்' என்றவரே இங்கு 'இல்லை' என்றார். தம்மிடம் வரும் ஒவ்வொரு அழைப்பும் இறையழைப்பன்று என்று பிரித்தறியவும் அவர் கற்றிருந்தார்.

அவர் வேண்டியது பதவியன்று, ஆட்கள். 1705இல் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் வந்து சேர்ந்தார். தமிழ்ச் சங்கத்து மலரில் அவரைப் பெயரளவிலேனும் போற்றாது செல்லல் தகாது. சாங்கோபாங்க சுவாமி எனத் தமிழ்க் கத்தோலிக்கர் இவரை வழங்குவர். சிங்களத்திலும் தமிழிலும் உரைநடையும் செய்யுளும் அகராதியும் யாத்து, 1742இற் போலவத்தையில் மறைந்தார். அவருடைய தேவ அருள்வேத புராணமும் வியாகுலப் பிரசங்கமும் ஈழத்துத் தமிழ் உரைநடையின் தொடக்க காலத்தைச் சேர்ந்தவை. ஆறுமுக நாவலருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்ட இவ்வுரைநடை தமிழ்த்துறை மாணவரால் இன்னும் போதிய அளவு ஆராயப்படவில்லை என்ற குறை எனக்குண்டு.

இவ்வளவும் கூறியபின் ஓர் ஆட்சேபத்துக்கு விடையிறுக்க வேண்டும். போர்த்துக்கேயர் காலத்துக் கிறித்தவம் வாளோடு வந்தது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தரைமட்டமாக்கப்பட்டதை யாழ்ப்பாணத்தார் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டியதில்லை. அதற்கு முன்னே 1544இல் மன்னாரில் ஞானஸ்நானம் பெற்றோரைச் சங்கிலி மன்னன் வெட்டுவித்ததும் அதே வரலாற்றின் மறுபக்கம். அந்நிய ஆட்சியின் சமயம் என்ற வடுவோடு நின்ற திருச்சபைக்கு வாஸ் அடிகள் வந்த காலத்தில் ஆட்சியில்லை, படையில்லை, வரிச்சலுகையில்லை. கத்தோலிக்கனாவதால் இழப்பன்றி ஊதியம் இல்லை. அவர் காலத்து இசைவுகளை ஆராய்பவனுக்கு இது பெரிய வாய்ப்பு. அரசாங்க வேலைக்காகவோ நிலத்துக்காகவோ கூறப்பட்ட 'ஆம்'களைச் சலித்தெடுக்க வேண்டிய தொல்லை இங்கே இல்லை. அத்தகையவை ஒல்லாந்தரின் தோம்பிலே இருக்கின்றன.

மூலங்களைப் பற்றியும் சிறிது. வாஸ் அடிகளின் சரிதத்தைக் கோவாவின் ஒறற்றோரியன் குருவாகிய செபஸ்தியான் தோ றேகோ எழுதினார்; 1745இல் இலிஸ்பனில் அச்சேறியது. எஸ். ஜீ. பெரேரா அடிகள் கடிதங்களையும் அறிக்கைகளையும் ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டு உறுதியான அடித்தளம் இட்டார். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரும் இக்காலத் திருச்சபை வரலாற்றை எழுதியுள்ளார். இவர்கள் யாவரும் குருமார் என்பதால் குருவின் கதையே முன்னிற்கின்றது. ஊர்தோறும் செபங்களை நடத்திய மூப்பர்மாரும் அண்ணாவிமாரும் துணைப்பாத்திரங்களாகவே வருகின்றனர். ஏவலாளன் யோவானுக்கு ஒரு பெயராவது கிடைத்தது. கஞ்சி வார்த்த பெண்ணுக்கு அதுவுமில்லை.

1711 தை 16ஆம் நாள் யோசப் வாஸ் அடிகள் கண்டியிற் காலமானார். இருபத்துநான்கு ஆண்டுகள் இலங்கையில் இருந்தார். ஒருமுறையேனும் கோவாவுக்குத் திரும்பவில்லை. கண்டியிலே தாம் எழுப்பிய கோயிலில் அடக்கம் செய்யப்பட்டார். விஜய இராசசிங்கன் காலத்தில், 1740களில், குருமார் வெளியேற்றப்பட்டுக் கோயில்கள் இடிக்கப்பட்டபோது அக்கோயிலும் அழிந்தது. 1806இற் பிரித்தானியர் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கிய காலத்தில் அவ்விடத்தை அடையாளங் காட்டுவார் இல்லை. 1995 தை 21இற் கொழும்பில் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், 2015 தை 14இற் காலிமுகத்திடலிற் பிரான்சிஸ் பாப்பரசர் புனிதர் பட்டமும் அளித்தனர். கோயில் போகம்பரைப் பகுதியில் இருந்ததென்பது மரபு. நாம் நாள்தோறும் பேருந்திற் கடந்து செல்லும் வழி அது. கல்லறை எங்கேயென்று இன்றுவரை தெரியவில்லை.